ப்ராம்ப்டருக்குக் கணினி வாங்குவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் தொழில்நுட்பக் கேள்வி பதில் பகுதியில், கல்லூரி ஒன்றின் காட்சித் தொடர்பியல் துறை ஆசிரியை ஒருவர், துறையின் சிறிய ஸ்டூடியோவில் டெலிப்ராம்ப்டர் (கேமராவுக்கு முன்னால் சாய்த்து வைத்த கண்ணாடியில் ஸ்கிரிப்டை ஓடவிட்டு, கேமராவைப் பார்த்தபடியே வாசிக்க உதவும் கருவி) மென்பொருளை ஓட்டுவதற்கு எத்தகைய கணினி வாங்கலாம் என்று கேட்டிருந்தார். மேல்வரிசைச் செயலி, 32 ஜிபி நினைவகம், தனி கிராபிக்ஸ் கார்டு, 4கே திரை ஆகியவை கொண்ட கேமிங் வகை மடிக்கணினியை வாங்குமாறு அவருக்குப் பதில் தரப்பட்டிருந்தது. வீடியோ எடிட்டிங் செய்பவருக்கு அது நல்ல ஆலோசனைதான். ப்ராம்ப்டர் ஓட்டுபவருக்கோ அந்தப் பட்டியலில் பாதி பயன்படாது. மீதியில் சில தொல்லையும் தரும். பதினெட்டு ஆண்டுகள் சென்னையின் செய்தி ஸ்டூடியோக்களிலும் மேடை நிகழ்ச்சிகளிலும் ப்ராம்ப்டர் ஆபரேட்டராக இருந்துவிட்டு, இப்போது மதுரையைச் சுற்றியுள்ள சிறு சேனல்களுக்கும் கல்லூரிகளுக்கும் அந்தக் கருவியை அமைத்துக் கொடுத்து வருகிறேன். கல்லூரிகளின் உபகரண நிதி எவ்வளவு சிரமப்பட்டு வருகிறது என்பதை அருகிலிருந்து பார்ப்பவன் என்பதால் இதை எழுதத் தோன்றியது.

முதலில், இந்த வேலைக்குக் கணினியிடம் நாம் கேட்பது மிகக் குறைவு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1950இல் அமெரிக்காவில் ஹூபர்ட் ஷ்லாஃப்லி என்ற பொறியாளர் உருவாக்கிய முதல் டெலிப்ராம்ப்டரில் கணினி எதுவும் இல்லை. பாதி சூட்கேஸ் அளவுள்ள கூட்டுக்குள் ஒரு காகிதச் சுருள் நகர்ந்தது, அவ்வளவே. தனிநபர் கணினியில் ஓடிய முதல் ப்ராம்ப்டர் 1982இல் லாஸ் ஏஞ்சல்ஸில் வந்தது. கோர்ட்னி குடின், லாரன்ஸ் ஆப்ரம்ஸ் என்ற இருவர் அதை அடாரி 800 கணினியில் அமைத்தனர். அந்தக் கணினியின் செயலி ஏறத்தாழ 1.79 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கியது. நினைவகம் அதிகபட்சம் 48 கிலோபைட். ஆயினும் அதனிடம் அன்றைய பல கணினிகளிடம் இல்லாத ஒரு திறன் இருந்தது. எழுத்துகளை வரி வரியாகத் தாவவிடாமல், வழுக்கிச் செல்வதுபோல் மெல்ல மேலேற்றும் ஏற்பாடு அதன் வன்பொருளிலேயே அமைந்திருந்தது. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் ப்ராம்ப்டருக்கான கணினியிடம் முதலில் தேட வேண்டியது அந்த வழுக்கலைத்தான்.

இதைச் சற்று விளக்க வேண்டும், ஏனெனில் கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை. சாதாரணத் திரை ஒன்று நொடிக்கு 60 முறை தன் படத்தைப் புதுப்பிக்கிறது. அதாவது ஒவ்வொரு படத்துக்கும் சுமார் 16.7 மில்லிநொடி. வரிக்கு மூன்று சொற்கள், வரியின் உயரம் 120 பிக்சல், வாசிப்பவர் நிமிடத்துக்கு நூறு சொற்கள் வாசிக்கிறார் என்று வைத்துக்கொண்டால், எழுத்து நொடிக்கு ஏறக்குறைய 67 பிக்சல் நகர்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பிக்சலும் சொச்சமும். கணினி எந்தப் படத்தையும் தவறவிடாமல் இதைச் செய்துகொண்டே இருந்தால் வாசிப்பவரின் கண் நிம்மதியாக ஓடும். நடுவில் இரண்டு மூன்று படங்களைத் தவறவிட்டு, அதை ஈடுகட்ட ஒரேயடியாக நான்கு பிக்சல் தாண்டினால், அந்தத் தவ்வலை வாசிப்பவர் கண் உடனே பிடித்துக்கொள்ளும். பிடித்த கண் ஒரு கணம் சிமிட்டும் அல்லது வரியைத் தவறவிட்டு மீண்டும் தேடும். கேமரா அந்தக் கண்ணையே பார்த்துக்கொண்டிருப்பதால், பார்வையாளருக்கு அது வாசிப்பவரின் தடுமாற்றமாகத் தெரியும்; பழி அவர்மீதே விழும். பயிற்சி போதாது என்று கடிந்துகொள்ளப்பட்ட எத்தனையோ மாணவர்களின் உண்மையான சிக்கல், எழுத்து நடுங்கியதுதான்.

அந்த நடுக்கம் செயலியின் பலக்குறைவால் வருவது அரிது. பத்து ஆண்டுப் பழைய கணினியின் உள்ளமைந்த கிராபிக்ஸ்கூட வெறும் எழுத்தை நொடிக்கு 60 படம் என்ற கணக்கில் நகர்த்திவிடும். காரணங்கள் வேறு இடத்தில் இருக்கின்றன. புதிதாக விண்டோஸ் ஏற்றியபின் கிராபிக்ஸ் டிரைவரை (கிராபிக்ஸ் வன்பொருளை இயக்க உதவும் மென்பொருளை) நிறுவ மறந்துவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. அப்போது மைக்ரோசாஃப்ட்டின் அடிப்படை டிரைவரே ஓடும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கணினியிலும் எழுத்து நொண்டியடிக்கும். மின்சிக்கன முறையில் விடப்பட்ட மடிக்கணினி, பின்னணியில் வட்டைச் சலித்துக்கொண்டிருக்கும் வைரஸ் தடுப்பு மென்பொருள், பழைய சுழல்வட்டில் (ஹார்ட் டிஸ்க்) ஓடும் விண்டோஸ் ஆகியவையும் அதே விளைவைத் தரும். ஆகவே சுழல்வட்டுக்குப் பதிலாக, சுழலும் பாகம் இல்லாத வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி இருப்பது கட்டாயம் என்பேன். நினைவகம் 8 ஜிபி இருந்தால் தாராளம். 32 ஜிபி வாங்கினால் அதில் பெரும்பகுதி கல்லூரி முடியும்வரை சும்மா கிடக்கும்.

கேமிங் மடிக்கணினியைப் பற்றி நான் தனியே எச்சரிப்பதற்கு ஒரு அனுபவம் காரணம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்வி நிறுவனம் தன் பாடப் பதிவு அறைக்கென அப்படியொரு கணினியை வாங்கிவிட்டு, எழுத்து ஏன் துடிக்கிறது என்று பார்க்க என்னை அழைத்தது. அதன் சொந்தத் திரை 144 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 144 படம். ப்ராம்ப்டரில் பொருத்தியிருந்த மானிட்டர் 60 ஹெர்ட்ஸ். மென்பொருள் மடிக்கணினித் திரையின் தாளத்துக்கு எழுத்தை நகர்த்த, மானிட்டர் தன் தாளத்தில் அதைக் காட்ட, இரண்டும் ஒத்துப்போகாமல் எழுத்து விட்டு விட்டுத் துள்ளியது. மடிக்கணினித் திரையை 60 ஹெர்ட்ஸுக்கு இறக்கியதும் சரியாகிவிட்டது. அதாவது, கூடுதல் விலை கொடுத்து வாங்கிய சிறப்பம்சத்தை அணைத்த பிறகுதான் கணினி வேலைக்கு உதவியது. அதோடு முடியவில்லை. ஏசியை நிறுத்திவிட்டுப் பதிவு செய்யும் அறையில் அந்தக் கணினியின் விசிறி எழுப்பிய இரைச்சல் மைக்கில் ஏறியது. கடைசியில் அதை அடுத்த அறைக்கு மாற்றி, சுவரில் துளையிட்டுக் கேபிளை இழுத்தார்கள்.

அடுத்தது இரண்டாவது திரை. ப்ராம்ப்டர் என்பது இரண்டு திரைகளின் தொழில். ஆபரேட்டரின் திரையில் ஸ்கிரிப்டும் கட்டுப்பாடுகளும் நேராகத் தெரிய வேண்டும். கண்ணாடிக்குக் கீழே படுத்திருக்கும் மானிட்டரில் அதே ஸ்கிரிப்ட் இடவலம் மாறித் தெரிய வேண்டும், அப்போதுதான் கண்ணாடியில் பிரதிபலிக்கும்போது நேராகும். விண்டோஸில் இரு திரைகளையும் ஒன்றுபோலக் காட்டும் முறையில் விட்டால் ஆபரேட்டரும் இடவலம் மாறிய எழுத்தையே பார்த்துக்கொண்டு திருத்த வேண்டிவரும். ஆகவே திரையை நீட்டிக்கும் முறைதான் வேண்டும். இந்த இடத்தில் பலரும் சறுக்கும் ஒரு வழுக்குப்பாறை உண்டு. விண்டோஸின் திரை அமைப்பில், கிடைநிலைத் திரையைத் 'திருப்பிய'தாகக் காட்டும் ஒரு தேர்வைப் பார்த்து, இதுதான் கண்ணாடித் தோற்றம் என்று எண்ணி அதை அழுத்திவிடுவார்கள். அது படத்தை 180 பாகை சுழற்றுவது மட்டுமே. இடவலம் மாற்றுவது அன்று. கண்ணாடித் தோற்றம் ப்ராம்ப்டர் மென்பொருளிலிருந்தோ, சில ப்ராம்ப்டர் மானிட்டர்களில் இருக்கும் பொத்தானிலிருந்தோதான் வர வேண்டும். மானிட்டரை எந்தப் பக்கம் திருப்பி வைக்கிறோம் என்பதைப் பொறுத்து மேல் கீழாக மாற்றவும் நேரும் என்பதால், இரண்டு வகையிலும் திருப்பத் தெரிந்த மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது நல்லது. க்யூப்ராம்ப்ட் என்ற இலவசத் திறமூல மென்பொருள் விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடுகிறது. கல்லூரிக்கு அதுவே தொடக்கமாக இருக்கலாம்.

கணினியில், வெளித்திரைக்குப் படம் அனுப்பும் முழு அளவு எச்டிஎம்ஐ துளை ஒன்றேனும் இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்த்து வாங்க வேண்டும். யுஎஸ்பி சி துளை இருக்கிறது, அதில் மாற்றியைச் செருகிக்கொள்ளலாம் என்று விற்பனையாளர் சொன்னால், அந்தத் துளை படத்தையும் அனுப்புமா என்று கேளுங்கள். எல்லா யுஎஸ்பி சி துளைகளும் படம் அனுப்புவதில்லை. விலை குறைந்த மடிக்கணினிகள் பலவற்றில் அது தரவுக்கும் மின்னேற்றத்துக்கும் மட்டுமே. வாங்கி வந்து, பெட்டியைப் பிரித்து, படப்பிடிப்பு நாளன்று இதைக் கண்டுபிடித்தவர்களை நான் அறிவேன். சாதாரண எச்டிஎம்ஐ கேபிள் பத்துப் பதினைந்து மீட்டரைத் தாண்டினால் நம்ப முடியாததாகிவிடும் என்பதால், கேமரா தூரத்தில் இருக்கும் மண்டபங்களில் எஸ்டிஐ (நீண்ட தூரத்துக்கும் படத்தைக் கடத்தும் ஸ்டூடியோ கேபிள் முறை) மாற்றி பொருத்துகிறோம். அப்போது கணினி 60 ஹெர்ட்ஸில் அனுப்ப, மாற்றி அதை 50 ஆக்கினால், கணினியில் இல்லாத நடுக்கம் வழியில் சேர்ந்துகொள்ளும். கணினி எதை அனுப்புகிறதோ அதையே மாற்றியும் கடத்தும்படி அமைக்க வேண்டும். நம் ஊரில் கேமரா 25 அல்லது 50 படங்களில் பதிவதால் ப்ராம்ப்டரும் 50இல்தான் ஓட வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். கேமரா கண்ணாடியை ஊடுருவி வாசிப்பவரைப் பார்க்கிறது, எழுத்தைப் பார்ப்பதில்லை. அந்தக் கவலை தேவையில்லை.

4கே திரை பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். ஐந்தடி, பத்தடி தூரத்திலிருந்து வாசிக்கும் உள்ளங்கை அளவு எழுத்துக்கு 1280க்கு 1024 போதும். அலுவலகங்கள் கழித்துப் போடும் 17 அங்குலச் சதுரமான பழைய எல்சிடி மானிட்டர்களை நான் தேடித் தேடி வாங்கி வைத்திருக்கிறேன். 4கே என்றால் கணினி ஒவ்வொரு படத்துக்கும் அதைவிட ஆறு மடங்குக்கு மேல் பிக்சல்களைத் தள்ள வேண்டும், வாசிப்பவருக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை.

இனி, தங்கள் பதிலில் ஒரு வரிகூட இடம்பெறாத விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஆசிரியையின் மாணவர்கள் பெரும்பாலும் தமிழில் வாசிக்கப்போகிறவர்கள். ஆங்கில ஸ்கிரிப்டை அழகாக ஓட்டிக் காட்டிய கணினியும் மென்பொருளும் தமிழைப் போட்டதும் கைவிட்டதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒருங்குறியில் (யூனிகோட், அதாவது எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் பொதுத்தரம்) 'கெ' என்ற எழுத்து, முதலில் ககர மெய்யும் உயிரும் சேர்ந்த க, அடுத்து எகரக் குறி என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவந்து வைக்க வேண்டும். 'கொ' என்றால் குறி இரண்டாகப் பிரிந்து முன்னும் பின்னும் நிற்க வேண்டும். இயங்குதளத்தின் எழுத்துச் சேர்ப்பு வசதியைப் பயன்படுத்தாமல் தானே எழுத்தை வரையும் பழைய ப்ராம்ப்டர் மென்பொருள்கள் கொம்பைப் பின்னால் போட்டு, நடுவில் ஒரு புள்ளி வட்டத்தையும் காட்டும். 'கொடைக்கானல்' என்ற சொல்லைப் பார்த்து வாசிப்பவர் வாயடைத்து நிற்பார். இதைச் சரிசெய்யச் செயலியை மாற்றினால் பயனில்லை. மென்பொருளைத்தான் மாற்ற வேண்டும், அல்லது அதன் புதிய பதிப்பை ஏற்றும் அளவுக்கு இயங்குதளம் புதியதாக இருக்க வேண்டும். தமிழுக்கெனக் கணினி பார்க்கும்போது, இயங்குதளத்தின் வயதுதான் வன்பொருளின் வயதைவிட முக்கியம்.

இன்னொரு தொல்லை பழைய எழுத்துருக் குறியாக்கங்கள். தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்ற பிறகும், பாமினி, வானவில், டேம், டேப் எழுத்துருக்களில் தட்டச்சுச் செய்யும் கைகள் இன்னும் ஓயவில்லை. அப்படி வரும் ஸ்கிரிப்டை ஒருங்குறி எழுத்துருவில் திறந்தால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் சிதறிக் கிடக்கும். அந்தந்த எழுத்துருவைக் கணினியில் நிறுவிவைத்துச் சமாளிக்கலாம் என்றால், ஒரே ஸ்கிரிப்டில் நிருபர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒருங்குறிப் பத்தியும் தட்டச்சாளரின் வானவில் பத்தியும் கலந்து வரும் நாள்களில் அதுவும் உதவாது. எனவே ப்ராம்ப்டர் கணினியில் தமிழில் தட்டச்சுச் செய்ய என்எச்எம் ரைட்டர், குறியாக்கத்தை மாற்ற என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவசக் கருவிகளை முன்பே நிறுவி, எல்லாவற்றையும் ஒருங்குறிக்கு மாற்றிய பிறகே ஓட்ட வேண்டும். கடைசி நிமிடத்தில் ஒரு பெயரையோ எண்ணையோ திருத்தப்போவது ஆபரேட்டர். அவர் தமிழ் 99 விசைப்பலகையில் பழகியவரா, தட்டச்சுப் பொறி முறையில் பழகியவரா என்பதைக் கேட்டு, அந்த முறை அந்தக் கணினியில் இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்வது, நினைவகம் எத்தனை ஜிபி என்று பார்ப்பதைவிடப் பயன் தரும்.

தமிழ்ச் சொற்களின் நீளமும் கணக்கில் வர வேண்டும். 'அறிமுகப்படுத்தப்பட்டிருக்கிறது' என்ற ஒரு சொல்லில் பதினெட்டு எழுத்துகள். பெரிய எழுத்தில் அது ஒரு வரியை முழுதாக விழுங்கிவிடும். சில மென்பொருள்கள் இடம் போதாதபோது அதைக் கண்ட இடத்தில் வெட்டி, 'அறிமுகப்படுத்தப்பட்டிருக்' என்று மேலேயும் 'கிறது' என்று கீழேயும் போட்டுவிடும். வரியை அகலமாக்கினால் தீரும் என்று தோன்றும். ஆனால் வரி அகன்றால் வாசிப்பவரின் விழி இடமும் வலமும் ஓடுவது கேமராவில் அப்பட்டமாகத் தெரியும். நீண்ட சொல்லுக்கு அகலம் வேண்டும், அசையாத விழிக்கு ஒடுக்கம் வேண்டும். இந்த இழுபறிக்கு நடுவே ஓர் அளவைக் கண்டுபிடிப்பதுதான் தமிழ் ப்ராம்ப்டர் ஆபரேட்டரின் கைவண்ணம். நான் வழக்கமாக இருபுறமும் நல்ல ஓரம் விட்டு, எழுத்தைச் சற்றே சிறிதாக்கி, மானிட்டரைக் கொஞ்சம் அருகில் கொண்டுவருவேன். இந்த மூன்றையும் மென்பொருளில் எளிதில் மாற்ற முடிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று வேகம் கணக்கிட்டுக் காட்டும் மென்பொருள்களின் கணக்கு ஆங்கிலச் சொல்லின் நீளத்தை மனத்தில் வைத்துப் போடப்பட்டது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தமிழுக்கு அந்த எண்ணை நம்பாமல், வாசிப்பவரின் குரலைக் கேட்டு வேகத்தை ஏற்றி இறக்குவதே சரி. அதற்கு யுஎஸ்பி சுழல்சக்கரமோ காலால் அழுத்தும் கட்டையோ வேண்டியிருப்பதால், கணினியில் குறைந்தது மூன்று யுஎஸ்பி துளைகள் இருக்கட்டும்.

எழுத்துருவிலும் கவனம் தேவை. விண்டோஸுடன் நெடுங்காலம் வந்த லதா எழுத்துருவின் கோடுகள் மெலிதாக இருப்பதால், கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாகக் கண்ணாடியில் விழும்போது தேய்ந்துவிடும். நிர்மலா எழுத்துருவின் தடித்த வடிவமோ, இலவசமாகக் கிடைக்கும் நோட்டோ சான்ஸ் தமிழோ நன்றாக நிற்கிறது. ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் வேறுபாடு தெளிவாகத் தெரியாத எழுத்துருவை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் போட்டுவிடாதீர்கள்.

கண்ணாடி என்றதும் ஒளியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, ஏனெனில் கணினியில் மிச்சமாகும் பணம் போக வேண்டிய இடம் அதுதான். ப்ராம்ப்டரில் பொருத்தப்படும் கண்ணாடி பொதுவாக 70 விழுக்காடு ஒளியைக் கேமராவுக்கு விட்டுவிட்டு 30 விழுக்காட்டை மட்டுமே வாசிப்பவர் பக்கம் திருப்பும் வகையைச் சேர்ந்தது. 250 நிட் (திரை ஒளிர்வை அளக்கும் அலகு) ஒளிர்வுள்ள சாதாரண மானிட்டரிலிருந்து வாசிப்பவர் கண்ணுக்குப் போய்ச் சேர்வது 75 நிட். ஸ்டூடியோ விளக்குகள் முகத்தில் அடிக்கும்போது அது மங்கலாகத்தான் தெரியும். கோயில் திருவிழா நேரலை, திறந்தவெளி மாநாடு போன்ற இடங்களில் சுத்தமாகத் தெரியாது. சாதாரண ஜன்னல் கண்ணாடியை வைத்து ஒப்பேற்றலாம் என்பவர்கள் ஒருமுறை முயன்று பார்க்கட்டும். அதன் இரு பக்கமும் பிரதிபலிப்பதால் ஒவ்வொரு எழுத்துக்கும் பின்னால் ஒரு நிழலெழுத்து ஆடும். நல்ல கண்ணாடியும் ஒளிமிக்க மானிட்டரும் எழுத்தின் தெளிவுக்குச் செய்வதில் நூறில் ஒரு பங்கைக்கூட எந்தக் கிராபிக்ஸ் கார்டும் செய்யாது.

மேசைக்கணினியா, மடிக்கணினியா என்றால் என் ஓட்டு மடிக்கணினிக்கே. மின்சாரம் போனால் மானிட்டருக்கு மட்டும் சிறிய யுபிஎஸ் இருந்தால் போதும், கணினி தன் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும். நேரலையில் இது உயிர்காக்கும். நிலையான ஸ்டூடியோவில் இடம் குறைவு, சத்தமே கூடாது என்றால், இன்டெல் என்100 செயலி கொண்ட கையடக்க மினி கணினிகள் மிகப் பொருத்தமானவை. செயலி 6 வாட் வகை என்பதால் விசிறியே இல்லாத மாதிரிகளும் கிடைக்கின்றன, பலவற்றில் இரண்டு எச்டிஎம்ஐ துளைகள் உண்டு. கைவேலையில் நாட்டமுள்ள மாணவர்கள் ராஸ்பெர்ரி பை என்ற ஒற்றைப் பலகைச் சிறு கணினியில் முயன்று பார்க்கலாம். கையடக்கத் தொலைபேசியிலும் டேப்லெட்டிலும் ஓடும் ப்ராம்ப்டர் மென்பொருள்கள் தனியாளாகப் படம் பிடிப்பவருக்கு நன்று. ஆபரேட்டர் பயிற்சி தர வேண்டிய துறைக்கு அவை போதா.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், பழைய கணினிகளைத் தூக்கிப் போட வேண்டும் என்று கல்லூரிகளில் பேச்சு எழுகிறது. வலைத்தொடர்பே தேவைப்படாத ப்ராம்ப்டர் கணினிக்கு அந்த வாதம் முழுதாகப் பொருந்தாது. எஸ்எஸ்டி பொருத்தப்பட்ட பழைய மடிக்கணினி ஒன்றை வலையிலிருந்து துண்டித்து, வைரஸ் இல்லை என்று சோதித்த பென் டிரைவில் ஸ்கிரிப்டைக் கொண்டுவந்து ஓட்டலாம். அல்லது லினக்ஸ் ஏற்றலாம். வலையை அணைப்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. ஒரு விழா மேடையில் நான் ப்ராம்ப்டர் ஓட்டிக்கொண்டிருந்தபோது, வைரஸ் தடுப்பு மென்பொருளின் சந்தா முடிந்துவிட்டது என்ற அறிவிப்பு வாசிப்பவரின் மானிட்டரில் எழும்பியது. மென்பொருள் தன் சாளரத்தை மட்டுமே இடவலம் மாற்றும் என்பதால், அந்த அறிவிப்பு கண்ணாடியில் புரியாத எழுத்தாகத் தெரிந்தது. பேச்சாளர் அதைப் படிக்க முயன்று, நிறுத்தி, என்னைத் திரும்பிப் பார்த்தார். அரங்கமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. அன்றுமுதல் ஆபரேட்டர் திரையையே முதன்மைத் திரையாக வைப்பதும், அறிவிப்புகளையும் உறக்க நேரத்தையும் அணைப்பதும், விமான முறையில் போடுவதும் கைப்பழக்கமாகிவிட்டன.

கணினிக்கு உண்மையிலேயே பலம் வேண்டிய ஓர் இடம் உண்டு. வாசிப்பவரின் குரலைக் கேட்டு, அவர் எந்தச் சொல்லில் இருக்கிறார் என்று அறிந்து எழுத்தைத் தானே நகர்த்தும் வசதி இப்போது சில மென்பொருள்களில் வந்திருக்கிறது. அதற்குச் செயலியோ வலைத்தொடர்போ உழைக்கத்தான் வேண்டும். ஆனால் அதை நம்பிக் கணினி வாங்குமுன், அது தமிழைக் கேட்கிறதா, அதிலும் நெல்லைத் தமிழையும் நாகர்கோவில் தமிழையும் பேசும் மாணவர்களைக் கேட்டு நகர்கிறதா என்று ஓட்டிப் பார்த்துவிடுங்கள். பெரிய செய்திச் சேனல்களின் நிலையும் வேறு. அங்கே ப்ராம்ப்டர் செய்தியறை மென்பொருளோடு இணைந்து, செய்தி வரிசை மாறினால் தானும் மாற வேண்டியிருப்பதால், மென்பொருளை விற்பவர் உறுதியளிக்கும் கணினியைத்தான் வாங்க முடியும். அந்த ஆசிரியையின் கல்லூரிக்கு இந்த இரண்டும் பொருந்தா.

அவருக்கு நான் சொல்வது இதுதான். விலைப்புள்ளி கோரும்போது செயலியின் பெயரையும் ஜிபி கணக்கையும் எழுதுவதோடு நிற்காமல், 'இரண்டு திரைகளில், துறை தரும் தமிழ் ஸ்கிரிப்டைப் பத்து நிமிடம் தடையின்றி ஓட்டிக் காட்ட வேண்டும்' என்று ஒரு நிபந்தனை சேர்க்கச் சொல்லுங்கள். 'கொடைக்கானல்', 'சௌந்தரராஜன்', 'ஸ்ரீரங்கம்', மேலே சொன்ன பதினெட்டு எழுத்துச் சொல் எல்லாம் வரும்படி இரண்டு பக்க ஸ்கிரிப்ட் ஒன்றை ஒருங்குறியில் எழுதி, பென் டிரைவில் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக ஓடவிட்டு, மெய்யெழுத்துகளின் மேலுள்ள புள்ளிகளை மட்டும் கூர்ந்து பாருங்கள். எழுத்து நடுங்கினால் முதலில் இரட்டையாகத் தெரிவது அந்தப் புள்ளிதான். லேசான நடுக்கம் என்றால் வேகத்தைச் சற்றுக் கூட்டியோ குறைத்தோ பாருங்கள். படத்துக்கு முழுதாக ஒரு பிக்சல் என்ற கணக்கு அமையும் வேகத்தில் அது நின்றுவிட்டால், குறை மென்பொருளுடையது, கணினியை வாங்கலாம். எந்த வேகத்திலும் நிற்காமல் அவ்வப்போது பெருந்தவ்வல் வந்தால், விலை எவ்வளவு என்றாலும் மேசையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். துறையின் அலமாரியில் தூங்கும் ஏதேனும் ஒரு பழைய மடிக்கணினியிலும் அதே சோதனையைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். அது தேறினால் புதியது வாங்கும் செலவே இல்லை, புதியது வாங்கினாலும் மாற்றுக்கணினியாக அது பக்கத்தில் இருக்கும்.

இப்படிக்கு,
ப்ராம்ப்டர் ஆபரேட்டர் ஒருவர்,
மதுரை.